கொயினா குடித்தவர் பேர் சொல்ல வேண்டும்

ஓய்வு பெற்ற நர்ஸுகளைக் கூட்டத்துக்கு அழைப்பது மாலை போடுவதற்காக. போட்டு முடித்ததும் ஓரமாக உட்காரவைத்து, கையில் வடையும் தேநீரும் கொடுத்துவிட்டு மறந்துபோவார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் தாதியர் கூட்டத்து வடை எப்போதும் நன்றாகவே இருக்கும்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் கூடப் போகிறது என்று ஒரு பேச்சு அடிபடுகிறதல்லவா, அதை ஒட்டி வந்தது. நோய்க்கு வைத்தியம் பெறுவது இந்நாட்டு மக்கள் எல்லோருக்கும் சட்டப்படி உரிமை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் தீர்மானம். என் பக்கத்தில் புவனா உட்கார்ந்திருந்தாள். கிள்ளானில் வார்டு சிஸ்டராக இருக்கிறாள், கைராசிக்காரி, நோயாளிகள் அவளைத் தேடி வருவார்கள். அவள் என் காதில் முணுமுணுத்தாள்.

"எதுக்கு ஆன்டி சட்டம்? நம்ம வார்டுல யாரையாச்சும் திருப்பி அனுப்புறோமா? நல்ல மனசு இருந்தா போதும்லா. சட்டம்னு எழுதிட்டா ஆளாளுக்கு வந்து நம்மகிட்டதான் சண்டை போடுவாங்க. ஜப்பான்காரன் காலத்துல சட்டமா இருந்துச்சு? உங்க பொன்னையா டிரஸர் பார்க்கலையா?"

பொன்னையா டிரஸரைப் பற்றி இவர்களிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், சொன்னதெல்லாம் சிரிக்கிற பாதி. மீதிப் பாதியையும் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் என் ஊர். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் சமையல்காரர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், ரத்தத்தைக் கண்டு பயமில்லை, வாயும் கொஞ்சம் நீளம். இந்த மூன்று தகுதியை வைத்து அங்கேயே ஆயாவாகச் சேர்த்துக்கொண்டார்கள். பாண்டேஜ் துவைப்பது, சுடுதண்ணீர் வைப்பது, புண் கழுவுவது என்று கற்றுக்கொண்டு வருவதற்குள் ஜப்பான்காரன் சண்டை வந்துவிட்டது. நான் முறையாக நர்ஸ் படிப்புப் படித்ததும் உத்தியோகம் பார்த்ததும் அதற்குப் பிறகு.

அந்த நாளில் டிரஸர் என்றால் தோட்டத்துக்கு டாக்டர் மாதிரி. உண்மையான டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி பிள்ளைப்பேறிலிருந்து பாம்புக்கடி வரைக்கும் டிரஸர்தான். பொன்னையா டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரர். பிரிக்பீல்ட்ஸில் அவருடைய அண்ணன் ரயில்வேயில் இருந்தார். டிரஸர் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, அதில் கத்தி போல மடிப்பு. சண்டைக்காலத்தில் கஞ்சி போட அரிசிக்கு எங்கே போவது? சாப்பாட்டுக்கே மரவள்ளிக்கிழங்குதான். கிழங்கு அரைத்த தண்ணீரைத் தெளியவைத்து அதில் சட்டையை முக்கிக் காயப்போடுவார். "கிழங்கைத் தின்னுறதும் நாங்கள்தான், உடுக்கிறதும் நாங்கள்தான்" என்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருக்கும். அந்த நூலைக்கூடத் துவைத்துக் கட்டுவார்.

அவரிடம் எங்கள் தோட்டத்து ஆட்களுக்குச் சிரிப்பு வரவைத்த விஷயம் ஒன்று உண்டு. எல்லோரையும் 'நீங்கள்' என்பார். பால்மரம் வெட்டும் ஆளை, கக்கூஸ் கழுவும் ஆளை, என்னை, எல்லோரையும். துரையிலிருந்து கங்காணி வரைக்கும் 'டேய்' கேட்டே பழகிய காதுகளுக்கு அது ஏதோ வேற்றுமொழி போல இருந்தது. முதன்முதலில் கேட்ட ஒரு கிழவர், யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

எங்கள் வேலையில் முக்கியமானது காலை கொயினா, மலேரியாவுக்கான குவினைன் மருந்து. ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகள்தான் லயம், அதில் மலேரியா இல்லாத வீடே கிடையாது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுத்து வேலைக்குப் பிரிவார்கள். பிரியுமுன் டிரஸர் மேசை போட்டு நிற்பார். கொயினாத் தூள் தண்ணீரில் லேசில் கரையாது. சொட்டு சொட்டாகத் திராவகம் விட்டுக் கலக்கினால்தான் தெளியும். அந்தத் தண்ணீரை அவுன்ஸ் கிளாஸில் அளந்து ஒவ்வொருவர் வாயிலும் ஊற்ற வேண்டும். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, வேப்பெண்ணெயெல்லாம் அதன் முன்னால் பாயசம். வாயில் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் சாக்கடையில் துப்பிவிடுவார்கள். அதனால் டிரஸர் ஒரு முறை வைத்திருந்தார். மேசை முன்னாலேயே குடிக்க வேண்டும், குவளையில் வாங்கிப்போகக் கூடாது. குடித்ததும் தன் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் மருந்தை வைத்துக்கொண்டு யாராலும் பேர் சொல்ல முடியாதல்லவா? கேட்கிற வேலை என்னுடையது. "பேரு?" என்று நான் கத்துவதைக் கேட்டாலே லயத்துப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள்.

சண்டைக்கு முன்பு தோட்டம் ஆஸ்பத்திரி வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தது. அது முதலாளியின் கடமை என்றுதான் எழுதியிருந்தது, நோயாளியின் உரிமை என்று யாரும் எழுதவில்லை. வித்தியாசம் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை லோரியில் சாமானை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார். சட்டமும் அதே லோரியில் ஏறிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் பெரிய கிராணி. ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர். பாவம், புலிவாலைப் பிடித்த கதை அவருக்கு. கிள்ளானிலிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரி வருவார், வந்தால் யார் கன்னமாவது வீங்கும். கிராணி ஒரு நாள் பெரட்டில் உத்தரவு சொன்னார். வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் இனி அரிசி, மருந்து, லயத்தில் இடம். வேலைக்கு முடியாதவர்களின் பேர் பதிவிலிருந்து அடிக்கப்படும். பேர் அடிபட்டவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடிகாரத்தைக்கூட டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அதனால் பெரட்டு கும்மிருட்டில் நடக்கும். அப்படி ஒரு காலையில்தான் மாரிமுத்து கொயினாவை வாயில் வாங்கிக்கொண்டு பேர் சொல்லாமல் நடந்தான். நல்ல வேலைக்காரன், அதிகம் பேசாதவன். நான் விடுவேனா?

"ஏய் மாரிமுத்து, பேரு? பேரைச் சொல்லிட்டுப் போ!"

அவன் திரும்பிப் பார்த்தான். மேசை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், கன்னம் இரண்டும் லேசாக உப்பியிருந்தது. கண்ணில் ஒரு கெஞ்சல். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் டிரஸர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"விடுங்கோ பிள்ளை. அவற்ற பேர் எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபமான கோபம். முறை என்று வைத்தவரே முறையை மீறினால்? வரிசையில் கடைசி ஆள் அவன்தான், அவன் நகர்ந்ததுமே கேட்டேவிட்டேன். "என்ன ஐயா இது? நாளைக்கு எல்லாப் பேரும் துப்பத்தான் போறாங்க. கொயினா இருக்கறதே கொஞ்சம்."

"துப்புறவன் சாக்கடையைப் பாத்து நடப்பான், பிள்ளை. இவர் லயத்தைப் பாத்து நடந்தவர். நடந்த நடையைக் கண்டனீங்களோ? சிந்தாமல் கொண்டு போறவன்ர நடை. போய் ஒருக்கால் பாத்திட்டு வாங்கோ. சத்தம் போடாதேங்கோ."

போனேன். கடைசி லயத்தில் அவன் வீடு, கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அஞ்சலை சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். அவனுடைய மனைவி. நல்லா இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்திலேயே வேகமாகப் பால் வெட்டுகிறவள், என்னோடு வம்பளப்பவள். இப்போது நிறைமாதம் நெருங்குகிற வயிறு, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போடுகிறது. மாரிமுத்து அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, தன் வாயிலிருந்ததை அவள் வாய்க்குள் விட்டான், குஞ்சுக்கு இரை ஊட்டுவது போல. ஒரு சொட்டு அவள் தாடையில் வழிந்தது. அதை விரலால் வழித்து அவள் உதட்டில் தடவினான்.

அங்கேயே நின்று அழுதேன். நான் லேசில் அழுகிறவள் இல்லை.

அவள் பேர் பதிவிலிருந்து அடிபட்டுவிட்டது. லயத்தைவிட்டுப் போயிருக்க வேண்டும். எங்கே போவாள்? அவன் அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். டிரஸரிடம் சொன்னால் விஷயம் கிராணிக்குத் தெரியும், கிராணிக்குத் தெரிந்தால் அவள் வெளியே, தன்னைப் பிடித்து, போனவர் திரும்பாத சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறான். தன் பங்குக் கொயினாவை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவனும் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருந்தான்.

நான் வந்து சொன்னதும் டிரஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "கொசு எண்ணெய் டின்னை எடுங்கோ" என்றார்.

"எண்ணெய் தீர்ந்து மாசக்கணக்காகுது, ஐயா."

"டின் தீரேல்லையே?"

கொசு முட்டை அழிக்கச் சாக்கடையில் எண்ணெய் தெளிப்பது ஆஸ்பத்திரி வேலை. அதற்காக லயத்துக்குப் போனால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அன்று முதல் பட்டப்பகலில் வெறும் டின்னைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால், மடிப்புச் சட்டையோடு அவர் முன்னால். வழியில் கிராணி எதிரே வந்தால், வறண்ட சாக்கடையைக் குனிந்து பார்த்து, "இஞ்ச கொஞ்சம் கூட விடுங்கோ" என்பார். நானும் டின்னைக் கவிழ்ப்பேன். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

அஞ்சலை கேஸ் சிரிக்கிற கேஸ் இல்லை. கர்ப்பிணிக்குக் கொயினா கொடுத்தால் கரு கலையும் என்று ஊரெல்லாம் பயம், பயத்தில் உண்மையும் உண்டு. கொடுக்காவிட்டால் காய்ச்சலே இரண்டு உயிரையும் கொண்டுபோகும். டிரஸர் முதலில் அவள் இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி மண்ணீரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். கண் ரெப்பையை இழுத்து ரத்தம் பார்த்தார், வெள்ளைத் தாளாக இருந்தது. வயிற்றில் காது வைத்துக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார். அப்புறம் ஒரு வேளை மருந்தைச் சிறு சிறு பங்காகப் பிரித்தார். ஒவ்வொரு பங்குக்கும் முன்னால் கிழங்குக் கஞ்சி குடிக்க வேண்டும். குடித்தபின் அவள் வயிற்றில் என் உள்ளங்கையை வைத்து, இறுகுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறுகினால் அடுத்த பங்கு கிடையாது.

"வாயால குடுத்ததில எவ்வளவு போனது, எவ்வளவு சிந்தினது எண்டு ஆருக்குத் தெரியும்" என்று மாரிமுத்துவிடம் சொன்னார். "இனி நீங்கள் உங்கட பங்கைக் குடியுங்கோ. அவவின்ர பங்கு அவவுக்கு."

"அவளுக்குத்தான் பங்கு இல்லீங்களே, ஐயா" என்றான் மாரிமுத்து.

டிரஸர் எழுந்தார். நேராக ஆபீஸுக்குப் போனார், நான் டின்னோடு வாசலில் நின்றேன்.

"கிராணியார், நாளையிலயிருந்து கொயினா பெரட்டில இல்லை. பைப்படியில" என்றார்.

பைப்படி என்றால் லயத்துக் குழாயடி. தண்ணீர் எடுக்கத் தோட்டத்தில் எல்லோரும் வருகிற இடம். வேலைக்காரர், கிழவர், பிள்ளை, பேர் அடிபட்டவர் எல்லோரும்.

கிராணி எழுந்தே விட்டார். "டிரஸரே, உத்தரவு தெரியுமில்ல? வேலைக்கு வர்றவனுக்கு மட்டும்தான். ஜப்பான்காரன் வந்தா என் தோலை உரிச்சிருவான்."

"நுளம்பு பதிவு பாத்துக் கடிக்கிறதில்லை, கிராணியார். லயத்தில ஒராள் காய்ச்சலோட கிடந்தா, அவரைக் கடிச்ச நுளம்பு உங்கட வேலைக்காரரைத்தான் அடுத்துக் கடிக்கும். உங்களுக்கு ஆள் வேணுமோ, வேண்டாமோ?" நுளம்பு என்றால் அவர் ஊர்ப் பேச்சில் கொசு.

"அதெல்லாம் அவன்கிட்ட சொல்ல முடியுமா? அடிதான் விழும்."

"டிரஸர் குடுத்தவன் எண்டு சொல்லுங்கோ. விழுறது எனக்கு விழட்டும்."

கிராணி சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மேசை பைப்படிக்கு வந்தது. முறை பழைய முறைதான். மேசை முன்னால் குடி, பேரைச் சொல். வேலைக்குப் போகிறவர்கள் முதலில் குடித்துவிட்டுப் போவார்கள். பிறகு குடத்தோடு வருகிறவர்கள். அடிபட்ட ஆட்கள் ஆரம்பத்தில் பேர் சொல்லப் பயந்தார்கள், உதட்டுக்குள் முனகுவார்கள். "கேக்கேல்லை" என்பார் டிரஸர். நல்ல காது அவருக்கு, வேண்டுமென்றுதான் சொல்வார்.

சில வாரம் போயிருக்கும். அஞ்சலை எழுந்து நடக்க ஆரம்பித்து, அன்றுதான் முதன்முதலாகத் தானே வரிசையில் வந்து நின்றாள். வெயில் ஏறிய நேரம். திடீரென்று கார் சத்தம். ஜப்பானிய அதிகாரி இறங்கினார், பின்னாலேயே கிராணி ஓடி வந்தார். வரிசையில் கிழடுகளும் பிள்ளைத்தாய்ச்சியும் நிற்பதைப் பார்த்ததும் அதிகாரி ஏதோ கத்தினார். டிரஸர் வணங்கி, நான்தான் கொடுத்தேன் என்று நெஞ்சில் கைவைத்துக் காட்டினார். விழுந்தது அறை. கண்ணாடி பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது.

டிரஸர் குனிந்து கண்ணாடியை எடுத்தார், குழாய்த் தண்ணீரில் கழுவினார், நூலைக் காதில் மாட்டிக்கொண்டார். கன்னம் சிவந்து தடித்திருந்தது. அவுன்ஸ் கிளாஸைக் கையில் எடுத்தார்.

"அடுத்த ஆள் வாங்கோ."

அடுத்த ஆள் அஞ்சலை.

அவள் ஓடியிருக்கலாம், நானாக இருந்தால் ஓடியிருப்பேன். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, வாயைத் திறந்து வாங்கினாள். விழுங்கினாள். இப்போது நான் கேட்க வேண்டும். பேரைச் சொன்னால் அவள் பதிவில் இல்லாதவள் என்று கிராணிக்குத் தெரியும், அவர் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் முடிந்தது. டிரஸர் என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அஞ்சலை!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அதிகாரி கிராணியிடம் திரும்பி, அவளைச் சுட்டிக்காட்டி, அரைகுறை மலாயில் கேட்டார். இவள் யார், உன் ஆளா?

கிராணியின் முகத்தில் வியர்வை ஓடியது. அஞ்சலையைப் பார்த்தார், டிரஸரின் கன்னத்தைப் பார்த்தார். "ஓராங் சினி, துவான்" என்றார். இந்த இடத்து ஆள், ஐயா. பிறகு வரிசை முழுவதையும் கையால் காட்டி, "செமுவா ஓராங் சினி" என்றார். எல்லாருமே இந்த இடத்து ஆட்கள்.

அதிகாரி வரிசையை ஒரு முறை கண்ணால் அளந்தார். என்ன நினைத்தாரோ தெரியாது, காரில் ஏறிப் போய்விட்டார். கிராணி பைப்படித் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரஸர் ஒரு குவளை தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். "கொயினாவும் போடட்டோ, கிராணியார்?" என்று கேட்டார். கிராணி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

அஞ்சலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் கையில்தான் விழுந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருந்தாலும் குரல் மட்டும் தாயின் குரல். மாரிமுத்து பிழைத்தான். அந்த மூன்று பேரையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துவிடும். நான் இவர்களுக்குச் சொல்லி வந்த பாதி இதோடு முடியும்.

சொல்லாத பாதி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது. அங்கேயும் ஒரு டிரஸர். கெட்டவர் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர், பயந்தவர். உத்தரவை உத்தரவாகவே வைத்துக்கொண்டார். அங்கேயும் அடிபட்ட பேர்கள் இருந்தன, அங்கேயும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அஞ்சலையின் தங்கை, முனியம்மா. அவளுடைய புருஷன் சயாமுக்குப் போயிருந்தான், வாயில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. எங்களுக்குச் செய்தி வந்தபோது புதைத்தும் ஆகிவிட்டது. அஞ்சலை பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பைப்படியில் உட்கார்ந்து, மேசை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆத்துக்கு இந்தாண்ட இருந்ததால நான் இருக்கேன், சரசு. அவ என்ன பண்ணா? அந்தாண்ட இருந்தா. அவ்வளவுதானே?"

நான் டிரஸரைப் பார்த்தேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர், அன்று கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. "ஓம் பிள்ளை" என்றார். "அவ்வளவுதான்."

புவனா, நீ நல்ல மனசுக்காரி. உன் வார்டுக்கு வருகிறவள் அஞ்சலை. உன் வார்டு எது என்று தெரியாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவளுக்கு உன் மனசு எட்டாது, அம்மா. எங்கள் அஞ்சலை பிழைத்தது ஒரு புருஷனின் வாயும், ஒரு டிரஸரின் கன்னமும், ஒரு கிராணியின் நாக்கும் ஒரே சமயத்தில் சரியாக இருந்ததால். மூன்றில் ஒன்று பிசகியிருந்தாலும் தங்கையோடு அக்காளும் போயிருப்பாள். பொன்னையா டிரஸரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு பொன்னையா கிடைப்பார் என்று நம்பி ஒரு நாட்டை நடத்த முடியாது. சட்டம் என்று இருந்தால் ஆட்கள் வந்து சண்டை போடுவார்கள் என்றாய். போடட்டுமே. முனியம்மாவுக்குச் சண்டை போட ஒரு சட்டம் இருந்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் அன்று கூட்டத்தில் சொல்ல நேரமில்லை. மேடையிலிருந்து தலைவி ஒலிபெருக்கியில், "இந்தத் தீர்மானத்தை வழிமொழியுறவங்க எழுந்து பேரைச் சொல்லுங்க" என்று கேட்டார். மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசாங்க வேலையில் இருப்பவர்கள், அவர்களுக்கும் பயம் இருக்காதா. நான் பென்ஷன்காரி, எனக்கென்ன. நாற்காலியைப் பிடித்து எழுந்துவிட்டேன். வாய் நிறைய வடை.

மண்டபமே என்னைப் பார்த்துக் காத்திருந்தது. புவனா தண்ணீரை நீட்டினாள். நன்றாக மென்று, விழுங்கி, பைப்படிக்குக் கேட்கிற மாதிரி என் பேரைச் சொன்னேன்.